தோளுக்கு மேலே வந்த பந்து

மார்ச் 2

ஏய் பாசஞ்சர்,

டாக்டர் நேற்றுதான் எழுத அனுமதி கொடுத்தார். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், பெரிய எழுத்தில், தாளில் மட்டும். செல்போனும் டிவியும் இப்போதைக்குக் கூடாது. அதனால்தான் இந்தக் கடிதம். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கோடு போட்ட நோட்டிலேயே மேலும் கீழும் போகிறது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு ஐந்து வருடம் ஆகியும் உன்னை அண்ணி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மாவட்ட அணியில் வைத்த பெயர்தான் வருகிறது. விக்கெட்டுக்குப் பின்னால் எதையும் தாண்ட விடாததால் நான் பூட்டு, நீ பாசஞ்சர். வேகப்பந்து வீசுகிறேன் என்று சேர்ந்துவிட்டு எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று வந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

வீட்டில் பின்பக்க அறையில் இருக்கிறேன். வெளிச்சம் வரக்கூடாது என்று அம்மா ஜன்னலில் போர்வையை ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள். காதுக்குப் பின்னால் எட்டுத் தையல். அந்த இடத்தில் மட்டும் முடியை வழித்திருக்கிறார்கள். ஹெல்மெட்டின் விளிம்புக்குக் கீழே, ஒரு விரல் அகல இடைவெளியில் பந்து பட்டதாம். ஹெல்மெட் இல்லாவிட்டால் என்னவாகியிருக்கும் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

வலி பெரிதாக இல்லை. வேறு ஒன்றுதான் இருக்கிறது. எதைப் பார்த்தாலும் எதுவும் தோன்றவில்லை. நேற்று அம்மா அழுதாள். நான் அவள் கழுத்துச் சங்கிலி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் சொன்னேன். "தலையில அடிபட்டா இப்படி இருக்கும்மா, போகப் போகச் சரியாயிடும்" என்றார். சரியாகாவிட்டால்தான் என்ன என்று இருக்கிறது.

அந்தப் பந்து எனக்கு ஞாபகமே இல்லை. ஸ்டம்புக்கு நேராக நிற்கிறேனா என்று நடுவரிடம் கார்டு கேட்டது ஞாபகம் இருக்கிறது. அடுத்தது பிசியோவின் ஷூ. நடுவில் ஒன்றுமில்லை. நாம் எதிரெதிராக ஆடிய அந்த லீக் மேட்சில் உங்கள் அணியின் வெளிநாட்டுக்காரிதான் போட்டாள் என்று அண்ணன் சொன்னான். நீ மிட் ஆஃபில் நின்றாயாமே. நீ பார்த்திருப்பாய். எப்படி வந்தது, நான் என்ன செய்தேன், ஒன்று விடாமல் எழுது. என் வாழ்க்கையில் நடந்ததை நான் மட்டும் பார்க்காமல் விட்டது ஒரு மாதிரி இருக்கிறது.

கண் விஷயத்தை டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது அப்படியே இருக்கட்டும்.

நீ ஆஸ்பத்திரிக்கு வருவாய் என்று நினைத்தேன். பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது, அம்மா பேனாவைப் பிடுங்குகிறாள்.

பூட்டு


மார்ச் 11

அன்புள்ள பூட்டு,

உன் கடிதம் ஹோட்டல் வரவேற்பில் இரண்டு நாள் கிடந்திருக்கிறது, இங்கே யாருக்கும் தபால் வருவதில்லை என்பதால் அவர்களுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. உன் கையெழுத்து அப்படி ஒன்றும் மோசமில்லை, ஸ்கோர் புத்தகத்தில் நீ எழுதுவதைவிடப் பரவாயில்லை.

ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லை. மேட்ச் முடிந்த உடனே பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த நாள் பயணம், அதற்கடுத்த நாள் அடுத்த மேட்ச். இங்கே எல்லாம் நிமிடக் கணக்கு, பல் தேய்ப்பதற்குக்கூட அட்டவணை போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இறுதிப்போட்டியில் தோற்றோம், அது உனக்குத் தெரிந்திருக்கும், இல்லை, நீதான் டிவி பார்க்கக்கூடாதே. தோற்றோம். எனக்கு வருடம் முழுக்க ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். அகாடமியில் பயிற்சி, நடுவில் வெளியூர் லீக் ஒன்று. ஜூன் வரைக்கும் வீட்டுக்கு வர முடியுமா தெரியவில்லை. உன் அண்ணனிடம் சொன்னேன், "சரி" என்றார்.

பந்தைப் பற்றிக் கேட்டாய். ஷார்ட் பால். நன்றாக எழும்பியது. நீ கொஞ்சம் சீக்கிரம் குனிந்துவிட்டாய். முகத்தைத் திருப்பினாய். அவ்வளவுதான், நான் தூரத்தில்தானே நின்றேன்.

கண்ணைப் பற்றி டாக்டரிடம் சொல்லிவிடு. மறைக்க வேண்டாம். இதை மட்டும் கேள்.

இன்னொரு செய்தி. கிரிக்கெட் சங்கம் அடுத்த மாதம் கூடுகிறதாம். பெண்களுக்கான ஐம்பது ஓவர் மாவட்டப் போட்டியையே எடுத்துவிடப் போகிறார்கள். பதினோரு மாவட்ட அணிகளும் கிடையாது. மூன்று நகரங்கள், மூன்று முதலாளிகள், இருபது ஓவர். இப்போது இருக்கும் லீக்தான் இனி எல்லாம். நீ கத்துவாய் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பார். இரண்டே ஹெல்மெட்டைப் பதினோரு பேர் மாற்றி மாற்றிப் போட்டோம். உடை மாற்ற இடமில்லாமல் மைதான ஓரத்து சைட் ஸ்கிரீன் பலகைக்குப் பின்னால் ஒருத்திக்கு ஒருத்தி துணி பிடித்துக்கொண்டு நின்றோம். பார்க்க வந்தவர்கள் யார்? உன் அம்மா, உன் அண்ணன், பக்கத்து மைதானத்திலிருந்து பந்து பொறுக்க வந்தவர். அதில் உன் அண்ணனும் கிரிக்கெட் பார்க்கவா வந்தார்? இங்கே எனக்கு முழங்காலில் கொஞ்சம் இழுத்தால் மூன்று பேர் ஓடி வருகிறார்கள். இதுதான் எதிர்காலம் என்றால் நான் என்ன குறை சொல்வது?

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

பாசஞ்சர்


மார்ச் 24

பாசஞ்சர்,

நான் கத்தவில்லை. கத்துவதற்கு உள்ளே ஒன்று வேண்டும். அது இப்போது இல்லை.

மாவட்டச் செயலாளர் நேற்று பார்க்க வந்தார். அவரும் அதையேதான் சொன்னார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "என்னம்மா பண்றது, டிவிக்காரங்களுக்கு மூணு மணி நேரத்துல முடியணும்" என்றார். ஏதோ அவர்தான் மேட்சை நீட்டி நீட்டி விளையாடியவர் போல வருத்தப்பட்டார்.

நீ சொன்ன ஹெல்மெட், சைட் ஸ்கிரீன் எல்லாம் உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் நாம் ஆடிய அந்த மாவட்ட அரையிறுதியை நினைத்துப் பார். முதல் ஐந்து ஓவரில் உன்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நீ எல்லைக் கோட்டருகே போய் யாருக்கும் முகம் காட்டாமல் நின்றாய். நாற்பத்தோராவது ஓவரில் மறுபடி பந்தை உன் கையில் கொடுத்தேன். அப்புறம் நாலு விக்கெட். அந்த முப்பத்தைந்து ஓவரும் நீ என்ன யோசித்தாய் என்று எனக்குத் தெரியாது, ஆனால் திரும்பி வந்தபோது வேறு ஒருத்தியாக வந்தாய். உங்கள் லீக்கில் முதல் ஓவரில் அடி வாங்கினால் அப்புறம் தண்ணீர் பாட்டிலோடு உட்கார வேண்டியதுதான். திரும்பி வர நேரமே இல்லை. நான் சொல்வது அவ்வளவுதான். எனக்கும் அந்த லீக்கில் இடம் கிடைத்தபோது நான் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லவில்லையே. நீ எந்த அணி, நான் எந்த அணி என்று ஏலத்தில் பெயர் வாசிக்கும்போது நாம் இரண்டு பேரும் இந்த வீட்டுக் கூடத்தில் குதித்தோம்.

டாக்டரிடம் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன் ஸ்டம்பில் உன் பந்து பட்டு மேலிருந்த பெயில்ஸ் கட்டை பறந்து வந்து இடது கண்ணில் அடித்தது, அன்றிலிருந்து மேல் பாதி மங்கல், தோளுக்கு மேலே வரும் பந்து ஒரு கணம் காணாமல் போகும், எல்லாவற்றையும். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இத்தனை நாள் எப்படிம்மா ஆடினே?" என்றார். "குத்துமதிப்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஈரமான டென்னிஸ் பந்தை ஒரு மாதம் முழுக்க எனக்கு எறிந்து எறிந்து பழக்கியவள் நீ என்று சொல்லவில்லை. உன்னையும் சேர்த்துத் திட்டுவார்.

அண்ணன் சில நாளாகச் சரியில்லை. லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வந்து கையில் கிரீஸோடு அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். நேற்று, "உனக்கு அவமேல ஏதாவது கோபமா?" என்று கேட்டான். "எதுக்கு?" என்றேன். எழுந்து போய்விட்டான். உங்களுக்குள் ஏதாவது சண்டையா?

பூட்டு


ஏப்ரல் 6

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் பதில் வருவதற்கு முன்பே எழுதுகிறேன்.

உங்கள் அணி இணையத்தில் ஒரு தொடர் போடுகிறதாம். உடைமாற்றும் அறைக்குள் நடப்பதையெல்லாம் படம் பிடித்து வாரத்துக்கு ஒன்று வெளியிடுகிறார்கள். ஐந்தாவது பகுதியை அண்ணன் இரண்டு வாரத்துக்கு முன்பே பார்த்திருக்கிறான். நேற்று என்னிடம் சொன்னான். அவன் சொல்லி நான் நம்பவில்லை. திரையைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை என்பதால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவன் எனக்குப் பின்னால் உட்கார்ந்து போட்டான். சத்தம் மட்டும் கேட்டேன்.

முதலில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். ஆட்டக் கணக்கு பார்க்கும் லேப்டாப்காரர் பேசுகிறார். என் பெயரைச் சொல்கிறார். இவளிடம் நம் கணக்குப்படி பெரிய ஓட்டை எதுவும் இல்லை என்கிறார். அப்புறம், "நீங்க அவங்ககூட ஒன்பது வருஷம் ஆடியிருக்கீங்க. உங்களுக்குத் தெரிஞ்சது ஏதாவது?" மறுபடி நாற்காலிகள் திரும்பும் சத்தம். அப்புறம் உங்கள் குரல். "தோளுக்கு மேல போனா அவளுக்குப் பந்து தெரியாது. குத்துமதிப்பா குனிவா." லேப்டாப்காரர், "அப்படியா!" என்கிறார். யாரோ கை தட்டுகிறார்கள். அப்புறம் எல்லோரும் தட்டுகிறார்கள். அதற்கு மேல் இசை சேர்த்திருக்கிறார்கள். இசை முடியும் இடத்தில் கூட்டத்தின் சத்தம், ஒரு டக், அப்புறம் ஒன்றுமில்லை. அண்ணன் அங்கே நிறுத்திவிட்டான்.

அந்தப் பந்து எனக்கு ஞாபகமில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது சத்தம் தெரிந்துவிட்டது.

நான் அழவில்லை. சுவரில் பெயின்ட் உரிந்த இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன்தான் அழுதான். அவன் உங்கள் போனை எடுக்கப் போவதில்லை என்கிறான். அது உங்கள் இருவர் விஷயம். எடு என்றும் நான் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 19

பூட்டு,

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்கு முன் தபாலில் போட்டுவிட வேண்டும்.

மரியாதையாக "உங்கள்" என்று எழுதியிருக்கிறாய். வேண்டுமென்றே செய்தாயா, தானாக வந்ததா தெரியவில்லை. அதை மட்டும்தான் முதல் நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் என்னை மிரட்டினார்கள், ஒப்பந்தம் போய்விடும் என்று பயந்தேன், தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்று மூன்று விதமாக எழுதினேன். மூன்றும் பொய். யாரும் மிரட்டவில்லை. உண்மை என்னவென்றால், பூட்டு, என்னை யாரோ ஒன்று கேட்டார்கள். ஒன்பது வருடத்தில் மாவட்ட அணியில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நீ பந்தைக் கையில் கொடுப்பாய், எங்கே போட வேண்டும் என்றும் நீயே சொல்வாய், நான் போடுவேன். அது தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் முப்பது பேர், வெளிநாட்டுக்காரர்கள், உலகக் கோப்பை ஆடியவர்கள், எல்லோரும் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். என்னிடம் இருந்ததிலேயே விலை உயர்ந்த பொருள் அதுதான். எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன். கை தட்டியபோது எனக்கு நன்றாக இருந்தது. அன்று சாப்பிடும்போதுகூட நன்றாக இருந்தது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

காமிராவையே மறந்துவிட்டேன். மூலையில் ஒருவர் எப்போதும் நிற்பார், நாற்காலி, மின்விசிறி மாதிரி ஆகிவிட்டார்.

மிட் ஆஃபில் நான் தூரத்தில் நின்றேன் என்று எழுதினேனே, அதுவும் பொய். அந்தப் பந்துக்கு முன்னால் கேப்டன் தன் தோளைத் தொட்டாள். எங்களுக்கு அது அடையாளம். வெளிநாட்டுக்காரி திரும்பி நடந்து போய் ஓடி வரும் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. நீ பேட்டைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாய். "பூட்டு" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் நீ நிமிர்ந்து பார்த்திருப்பாய், நடுவர் அந்தப் பந்தைச் செல்லாது என்றிருப்பார். வாயைத் திறந்தேன். வாய் திறந்திருப்பது அந்தப் படத்திலேயே தெரிகிறது. சத்தம் வரவில்லை. நீ விழுந்ததும் எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை.

பஸ் உடனே கிளம்பவும் இல்லை. நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கீழே வரவேற்பில் அத்தை உன் கிட் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பை பெரியது, அவருக்கு அதன் மேல் முகம் மட்டும்தான் தெரிந்தது. நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உன் அண்ணன் போனை எடுக்கவில்லை. தினமும் ஒரு முறை அடிக்கிறேன். முழுக்க அடித்து ஓயும்.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீ "சரி" என்று சொல்லிவிடுவாய். இப்போது நீ எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்கிறாய்.

பாசஞ்சர்


மே 12

அண்ணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுத நினைத்தேன். கோபம் வரட்டும், வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. இனியும் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

நடந்ததை எழுதுகிறேன்.

டாக்டர் இனி ஆடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொரு அடி பட்டால் அவர் பொறுப்பில்லையாம். என் லீக் அணியும் கடிதம் அனுப்பியிருக்கிறது, நன்றி தெரிவித்து. கண் விஷயம் உலகத்துக்கே தெரிந்துவிட்டதே, டாக்டர் சொல்லாவிட்டாலும் யாரும் எடுக்கப் போவதில்லை.

சங்கம் கூடியது. மாவட்டச் செயலாளர் என்னையும் பார்வையாளராகக் கூட்டிக்கொண்டு போனார். ஐம்பது ஓவர் போட்டியை நிறுத்தும் தீர்மானத்துக்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று. அதில் நாலு நிமிடம் மைக் வேலை செய்யவில்லை. எதிர்த்துக் கை தூக்கியவர் ஒருவர். அவரும் கழுத்தைச் சொறிவதற்காகத்தான் தூக்கினார் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். வெளியே வந்து செயலாளர் வெகுநேரம் செருப்பைத் தேடினார். அவர் செருப்பே போட்டு வரவில்லை, ஷூ போட்டிருந்தார்.

மாவட்ட அணியின் சாமான் அறையை அடுத்த நாள் காலி செய்தோம். மைதானம் உங்கள் அணிக்குப் பயிற்சிக்காகப் போகிறது. வலைகள், ஸ்டம்புகள், இரண்டு ஹெல்மெட், எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். உன் பழைய முழங்கால் உறை ஒன்று கிடந்தது. வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். தூக்கிப் போட்டுவிட்டேன்.

"உன்" என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தத் தோன்றவில்லை, இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. என் பழைய லீக் அணியின் லேப்டாப்காரர் வீட்டுக்கு வந்தார். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, எனக்குத் திரை ஆகாது என்று லேப்டாப்பைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பேசினார். நல்ல மனிதர். "மாவட்டப் போட்டி நின்னுடுச்சு. அதுல ஆடினவங்கள்ல எழுபது பொண்ணுங்க அடுத்த ஏலத்துக்கு வருவாங்க. எங்ககிட்ட அவங்களப் பத்தி ஒரு கணக்கும் இல்ல. உங்க தலைக்குள்ள இருக்கு" என்றார். சொன்ன பிறகு என் தலையைப் பார்த்துவிட்டு மன்னிப்பு கேட்டார். என்னை வேலைக்குக் கூப்பிடுகிறார். விக்கெட்டுக்குப் பின்னால் நின்று ஒன்பது வருடம் பார்த்ததைச் சொல்ல வேண்டும். யாருக்கு எது பயம், யாருக்கு எது வராது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உங்கள் நாத்தனார்


மே 27

பூட்டு,

ஒரு வரியில் "உன்" என்று எழுதினாயே, அது போதும் எனக்கு.

வேலையில் சேரலாமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் சொல்கிறேன். சேர். போகாதே என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆட்டம் எங்கே போகிறதோ அங்கேதான் நாமும் போக வேண்டும், வேறு இடத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டால் அது திரும்பி வராது. நீ அந்த அறையில் இருந்தால் அந்த எழுபது பேரில் நாலு பேருக்காவது நல்லது நடக்கும். லேப்டாப்பில் இல்லாத பெண்ணை யாரும் எடுப்பதில்லை.

என்னைப் பற்றியும் கேட்பார்கள். மறைக்காமல் சொல். ஸ்லோ பால் போடும்போது எனக்கு மணிக்கட்டு முன்னாலேயே திறந்துவிடும், நீதான் கண்டுபிடித்தாய். சொல்லிவிடு.

எப்படியும் நான் இருப்பேனா தெரியவில்லை. முழங்கால் இழுத்தால் மூன்று பேர் ஓடி வருகிறார்கள் என்று பெருமை அடித்தேனே, அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துப் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நாள் வலைப்பயிற்சியில் ஒரு புது இடதுகைக்காரி வந்து நிற்கிறாள். பத்தொன்பது வயது. என்னைவிட வேகம். "அக்கா, நீங்க எந்த டீம்ல ஆடினீங்க?" என்று கேட்டாள். மாவட்டத்தின் பெயரைச் சொன்னேன். "அது இப்ப இல்லல்ல?" என்றாள். ஜூன் மாதத்தோடு என்னை விடுவித்துவிடுவார்கள் என்று பேச்சு. எனக்கும் உன்னைப் போலவே ஒன்றும் தோன்றவில்லை. பந்து படாமலே இப்படி ஆகுமா?

உன் அண்ணனிடமிருந்து நேற்று ஒரு வரி வந்தது. "மாடிப் பூட்டை மாத்தியாச்சு. உன் சாவி அலமாரில இருக்கு." அவ்வளவுதான். கோபமா சமாதானமா, எதுவென்று நீதான் சொல்ல வேண்டும். உன் அண்ணன் பேசுவது லிஃப்டுக்குத்தான் புரியும்.

பாசஞ்சர்


ஜூன் 15

பாசஞ்சர்,

வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. இப்போது ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் திரை பார்க்கலாம். போனில் பேசியிருக்கலாம். போனில் நீ அழுவாய், நான் சும்மா இருப்பேன், அது நன்றாக இருக்காது. அதனால் எழுதுகிறேன்.

அந்த மாதிரி அறைதான். குளிர், நீள மேஜை, எல்லோருக்கும் ஒரே மாதிரி பாட்டில். மூலையில் காமிராக்காரர் இல்லை, அதை முதலிலேயே பார்த்துக்கொண்டேன். முதல் நாள் நம் அணியின் தொடக்க ஆட்டக்காரி பெயர் வந்தது. நம் சில்லறை. ஒவ்வொரு ரன்னாகவே நூறு அடிப்பாளே, அவள்தான். அவளை இன்னொரு அணி ஏற்கெனவே பிடித்து வைத்துவிட்டது, எங்களுக்கு எதிராக ஆடுவாள். கோச் கேட்டார், "இவங்களை எப்படி அவுட்டாக்குறது?"

எனக்குத் தெரியும். இரண்டு பந்து ரன் இல்லாமல் போனால் அவளுக்கு மூச்சு முட்டும். மூன்றாவது பந்துக்கு எதுவாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் இறங்கி வந்து அடிக்கப் பார்ப்பாள். ஒரு முறை மேட்ச் மழைக்கு நின்றபோது அவளே இதை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். "ரெண்டு பந்தைக் கட்டிப்போடுங்க. மூணாவது பந்துல அவளே வந்துடுவா" என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கோச், "இதுக்குத்தான் இவங்களக் கூட்டிட்டு வந்தோம்" என்று மேஜையைத் தட்டினார்.

நாலு மாதத்தில் முதல் முறையாக எனக்கு ஏதோ தோன்றியது. நெஞ்சில் ஒரு சூடு. என்னவென்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அது சந்தோஷம்.

உன் கடிதத்தில் நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தாயே. அதைப் படித்தபோது புரியவில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும்போது புரிந்தது. அதற்காக உன்னைத் திட்ட என்னால் இனி முடியாது.

கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் நின்று சில்லறைக்கு போன் செய்தேன். "உன் மூணாவது பந்தை நான் சொல்லிட்டேன். லீக் ஆரம்பிக்க இன்னும் நேரம் இருக்கு. சரி பண்ணிக்கோ" என்றேன். வாயில் வந்தபடி திட்டினாள். அக்கா என்றே சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள். நான் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்திருப்பேன், அவளே கூப்பிட்டாள். "சனிக்கிழமை வந்து எனக்குப் பந்து எறிவீங்களா?" என்றாள். போனேன். இரண்டு பந்து சும்மா விடு, மூன்றாவதையும் விடு என்று காலை முழுக்க எறிந்தேன். இது எங்கள் அணிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அடுத்து வரும் பெண்களுக்கும் இப்படித்தான் செய்யப் போகிறேன். சொல்ல வேண்டியதை அறையில் சொல்வேன். சொன்னதை அவளிடமும் சொல்வேன். எத்தனை நாள் ஓடும் என்று தெரியவில்லை.

உன் பெயரும் வந்தது. மணிக்கட்டைச் சொல்லிவிட்டேன். உனக்கும் தெரிவித்துவிட்டேன், இதோ.

அண்ணன் அனுப்பிய வரிக்கு அர்த்தம் கேட்டாய். அவன் உன் சாவிக்கு நூல் கட்டி, பெயர் எழுதி வைத்திருக்கிறான். பெயர் என்றால் பாசஞ்சர் என்றுதான். மற்றதை அவனிடமே கேட்டுக்கொள்.

இனி ஒன்றே ஒன்று. எனக்கு அடிபட்ட அன்றைக்கு டாஸுக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் எல்லைக் கோட்டருகே நின்று பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பந்துதான் மறந்துபோயிற்று, இது அப்படியே இருக்கிறது. அண்ணனின் பல்வலியைப் பற்றிப் பேசினோம். டாக்டரிடம் போகமாட்டேன் என்கிறான், கிராம்பை வைத்தே பல்லைக் கரைத்துவிடுவான் என்று நீ சொன்னாய், நான் சிரித்தேன். அங்கே அணிக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. இருபது நிமிடம் இருந்தது. நீ என் முகத்தைப் பார்க்காமல் என் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவிழ்ந்திருக்கிறதோ என்று நான் குனிந்துகூடப் பார்த்தேன்.

நீ அந்த அறையில் சொன்னது எனக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அந்த இருபது நிமிடத்தில் "சொல்லிட்டேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தால் போதும். நான் குனிந்திருக்க மாட்டேன்.

பூட்டு